அபராத டிக்கெட் எழுதி முடித்த பிறகும் ஏன் நிற்க வேண்டும்?

அமெரிக்காவில் ரோட்டில் காரை நிறுத்தும் போலீஸ்காரர் நம்மை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம்? எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி எழுந்தால் ஒருவர் 15 நிமிஷம் என்பார், இன்னொருவர் 20 என்பார், மூன்றாமவர் “அவங்க இஷ்டம்தான், கேட்டதுக்கு மட்டும் தலையாட்டுங்க” என்பார். மூன்றுமே சரியில்லை. அங்கே சட்டத்தில் நிமிஷக் கணக்கு கிடையாது. இத்தனை நிமிஷம்தான் என்று கோடு கிழிக்க 1985-ல் உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டது. எந்தக் காரணம் சொல்லி நிறுத்தினார்களோ அந்தக் காரியம் முடிந்ததும், அல்லது நியாயமாக முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்ததும், நிறுத்தி வைக்கும் அதிகாரமும் முடிந்துபோகிறது. அவ்வளவுதான் விதி. ஆனால் ரோட்டோரத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

நாங்கள் நெப்ராஸ்காவில் ஒமாஹாவில் இருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தபோது ராக்கி மலையைக் காட்டலாம் என்று ஒரு பெரிய வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டென்வர் பக்கம் போனோம். வாடகை வண்டியில் எந்த மாநிலத்து நம்பர் பிளேட் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. எங்களுக்கு வந்தது கொலராடோ பிளேட். இதில் ஒரு விவகாரம் இருக்கிறது. கொலராடோவில் 2014 ஜனவரியிலிருந்து கஞ்சாவைக் கடையிலேயே வாங்கலாம். பக்கத்து நெப்ராஸ்காவில் அப்படி விற்பது குற்றம். எங்கள் மாநிலத்துக்குள் கஞ்சா வந்து குவிகிறது என்று நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் சேர்ந்து கொலராடோ மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்கே போட்டுப் பார்த்தன. 2016-ல் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, கொலராடோ பிளேட்டோடு ஐ-80 நெடுஞ்சாலையில் கிழக்கே போகிற வண்டி என்றாலே சிலருக்குக் கண் அங்கே போகும்.

திரும்பும் வழியில் நெப்ராஸ்காவின் கியர்னி ஊரைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து மாமனார், “மாப்ள, இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துருங்களேன். ஆபீசரை நம்ம வண்டிகிட்ட நடக்க வைக்கலாமா?” என்று சீட் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் அதுதான் மரியாதை. பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. நிற்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். இங்கே சொல்லாமல் இறங்கினால் துப்பாக்கியில் கை போய்விடும். “மாமா, அசையாம உட்காருங்க, தயவுசெஞ்சு” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

முன்னால் போன ட்ரக்கை ஒட்டிப் போனீர்கள் என்றார் அந்த அதிகாரி. ஒட்டிப் போனேனா இல்லையா என்று ரோட்டில் வாதாடிப் பயனில்லை. சின்ன விதிமீறல் ஒன்று உண்மையிலேயே இருந்தால் போதும், மனதுக்குள் வேறு எண்ணம் வைத்துக்கொண்டு நிறுத்தினாலும் அது செல்லும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் எல்லாம் கொடுத்தேன். “வார்னிங்தான் தரப் போகிறேன், என் வண்டியில் வந்து உட்காருங்கள்” என்றார். வார்னிங் என்பது அபராதமில்லாத எச்சரிக்கைத் தாள். இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும். ஓட்டுநருக்கு 1977-லும் கூட இருப்பவர்களுக்கு 1997-லும் வந்த தீர்ப்புகள் அதைத் தெளிவாக்கிவிட்டன. அவருடைய வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் கூண்டுக்குள் போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் போலீஸ் நாய் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே பேசினார். எங்கே வேலை, டென்வரில் யாரைப் பார்த்தீர்கள், எத்தனை நாள் தங்கினீர்கள், கம்மீஸ் (கஞ்சா கலந்த மிட்டாய்) ஏதாவது வாங்கினீர்களா? எல்லாம் சிரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இந்தப் பேச்சும் சட்டப்படி சரிதான். 2009-ல் வந்த ஒரு தீர்ப்பின்படி சம்பந்தமில்லாத கேள்விகளையும் கேட்கலாம். அதனால் நேரம் நீளக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. தட்டிக்கொண்டே கேட்டால் சரி, கேட்பதற்காகத் தட்டுவதை நிறுத்தினால் சரியில்லை. அப்புறம் எழுந்து போய் எங்கள் வேனில் இருந்தவர்களிடமும் பேசிவிட்டு வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மாமனாரிடம் கேட்டிருக்கிறார். “திருநெல்வேலி, இந்தியா சார்.” இன்றைக்கு எங்கிருந்து என்றதற்கு, தான் விமானத்தில் வந்து இறங்கிய ஊர் ஞாபகத்தில் “சிகாகோ” என்றிருக்கிறார். நான் சொன்னது டென்வர். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது.

பிரிண்டரிலிருந்து வார்னிங் வந்தது. கையெழுத்து போட்டேன். லைசென்ஸும் ஒப்பந்தமும் என் கைக்குத் திரும்பின. “பத்திரமாகப் போங்கள்” என்றார். கதவுப் பிடியில் கை வைத்தேன். உடனே, “ஒரு நிமிஷம், போகுமுன் இன்னும் சில கேள்விகள் கேட்கலாமா?”

இந்த இடம் தற்செயலாக வருவதில்லை, இது பழகிய ஆட்டம். பக்கத்துக் கான்சாஸ் மாநிலத்தில் இதற்குக் ‘கான்சாஸ் டூ-ஸ்டெப்’ என்றே பெயர். அதிகாரி போகலாம் என்று சொல்லி, இரண்டு எட்டு தன் வண்டிப் பக்கம் வைத்து, திரும்பி வந்து நட்பாகப் பேச ஆரம்பிப்பார். முதல் பகுதி கட்டாயம், போக முடியாது. இரண்டாம் பகுதி சட்டத்தின் பார்வையில் நாம் விரும்பி நின்று பேசுவது. விரும்பி நின்றால் கால வரம்பு எதுவும் பொருந்தாது. “இனி நீங்கள் போகலாம்” என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. 1996-ல் ஓஹையோ வழக்கு ஒன்றில் முடிவான விஷயம். சோதனைக்கு மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டிய கடமையும் 1973-லிருந்தே கிடையாது. கான்சாஸ் நெடுஞ்சாலைப் போலீஸின் இந்த வழக்கம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2023-ல் அங்குள்ள கூட்டாட்சி நீதிபதி ஒருவர் கடுமையாகவே தீர்ப்பு எழுதினார்.

எனக்கு அன்று தெரிந்தது இரண்டே வாக்கியம். படிக்கிற காலத்தில் அறைத் தோழன் ஒருவன் மனப்பாடம் செய்ய வைத்தது. ஒன்று: “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” (நான் போகலாமா?) இரண்டாவது: “ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்.” (எந்தச் சோதனைக்கும் எனக்குச் சம்மதமில்லை.) முதலாவதைக் கேட்டேன். “போகலாம், ஆனால் வண்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமா?” என்றார். இரண்டாவதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. சீருடையில் இருப்பவர் தயவாகக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல நம் வீடுகளில் யாரும் நம்மைப் பழக்குவதில்லை. ‘ஒளிக்க ஒன்றுமில்லையே, பார்த்துவிட்டுப் போகட்டுமே’ என்று என் மனைவியே பிறகு கேட்டாள். அது வாடகை வண்டி. எனக்கு முன்னால் அதில் யார் என்ன வைத்திருந்தார்கள், சீட் இடுக்கில் என்ன விழுந்து கிடக்கிறது என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பு? வேலை விசாவில் இருப்பவனுக்குப் போதைப்பொருள் வழக்கு ஒன்று வந்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் முகம் மாறியது. “சரி, அப்படியானால் இன்னொரு யூனிட் வரும்வரை நீங்கள் இங்கே இருக்க வேண்டும். நாயைச் சுற்றிவரச் செய்யப் போகிறேன்.” நான் திரும்பவும் முதல் வாக்கியத்தைக் கேட்டேன். “இல்லை” என்றார். வார்னிங் தாள் என் மடியில் இருந்தது. போக்குவரத்து விஷயமாக அவர் செய்ய வேண்டிய எதுவும் மிச்சமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது, மாமியாருக்குச் சர்க்கரை, பாத்ரூம் போக வேண்டும். இரண்டாவது வண்டி வந்தது. நாய் இரண்டு சுற்று வந்தது. டயரில் என்னத்தையோ முகர்ந்தது, அவ்வளவுதான். “கோ-ஆபரேட் பண்ணியதற்கு நன்றி” என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேடியபோது கிடைத்த தீர்ப்பு ஏறக்குறைய எங்கள் கதையேதான். அந்தச் சம்பவம் நடந்த இடம்கூட எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகிற ரோடு. 2012 மார்ச் 27, நள்ளிரவு தாண்டி, வேலி என்கிற சிற்றூர் அருகே நெடுஞ்சாலை 275. ரோட்ரிகஸ் என்பவரின் கார் ஓரிரு விநாடி சாலை விளிம்பில் ஏறி இறங்கியது. பள்ளத்தைத் தவிர்க்கத் திருப்பினேன் என்றார் அவர். நிறுத்திய அதிகாரியிடமும் நாய் இருந்தது, பெயர் ஃப்ளாய்ட். ஆவணங்களைச் சரிபார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டு, வார்னிங் எழுதிக் கொடுத்து முடித்தபோது மணி 12:27 அல்லது 12:28. அதன் பிறகு, நாயை வண்டியைச் சுற்றிவரச் செய்யலாமா என்று கேட்டார். ரோட்ரிகஸ் மாட்டேன் என்றார். இன்னொரு அதிகாரி வரும்வரை நிறுத்தி வைத்தார்கள். வார்னிங் கொடுத்ததிலிருந்து நாய் சைகை காட்டும்வரை ஏழெட்டு நிமிஷம். வண்டிக்குள் மெத்தாம்பெட்டமின் என்கிற போதைப்பொருள் இருந்தது.

ஏழெட்டு நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை என்றன கீழ் நீதிமன்றங்கள். 2015 ஏப்ரல் 21 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். லைசென்ஸைச் சரிபார்ப்பது, பிடிவாரண்டு இருக்கிறதா என்று பார்ப்பது, பதிவையும் இன்சூரன்ஸையும் பார்ப்பது, டிக்கெட்டா வார்னிங்கா என்று முடிவு செய்வது – இவைதான் நிறுத்தியதன் வேலை. இவை சாலைப் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டவை. நாயை முகரவிடுவது அந்தக் கணக்கில் வராது. அதற்காக நேரத்தை நீட்ட வேண்டுமானால், குற்றம் நடக்கிறது என்று நியாயமாகச் சந்தேகிக்கத் தனிக் காரணம் வேண்டும். அரசுத் தரப்பு சாமர்த்தியமாக ஒன்று சொல்லிப் பார்த்தது: வேகமாக வேலையை முடித்த அதிகாரிக்கு மிச்சமான நேரத்தை நாய்க்குப் பயன்படுத்த விடலாமே என்று. கின்ஸ்பர்க் அதையும் ஏற்கவில்லை. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் விட வேண்டும், போனஸ் நேரம் எல்லாம் கிடையாது.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் துள்ளிக் குதித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு கிரிமினல் வக்கீல் அம்மா என்னைத் தரைக்கு இறக்கினார். முதல் விஷயம், ரோட்ரிகஸுக்கே அந்தத் தீர்ப்பால் பலன் இல்லை. வழக்கு திரும்பக் கீழே போனபோது, அந்த நேரத்தில் இருந்த சட்டத்தை நம்பித்தான் அதிகாரி செயல்பட்டார், ஆகவே சாட்சியம் செல்லும் என்று தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள். இரண்டாவது, எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோ அப்போதே சொன்னார்: அதிகாரிகள் வரிசையை மாற்றக் கற்றுக்கொள்வார்கள், வார்னிங்கைக் கையில் கொடுக்கும் முன்பே நாயை இறக்கிவிடுவார்கள் என்று. கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருக்கிறது என்பார் அந்த அம்மா. இப்போது கோர்ட்டில் சண்டையே தட்டச்சு வேகத்தைப் பற்றித்தானாம்: பெயரை அடிக்க ஏன் நான்கு நிமிஷம், ஏன் நடுவில் நிறுத்தினீர்கள் என்று. நாய் முன்பா பின்பா என்பது முக்கியமில்லை, நாயால் நேரம் நீண்டதா என்பதே கேள்வி என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. நிறுத்தியதன் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் நாயைச் சுற்ற வைத்தால், 2005-ல் வந்த தீர்ப்பின்படி அது தப்பே இல்லை.

மூன்றாவதுதான் எனக்குச் சங்கடம். ‘நியாயமான சந்தேகம்’ என்பதற்கு வாசல் தாழ்வு. பதற்றம், வாடகை வண்டி, வெளி மாநிலப் பிளேட், வண்டிக்குள் வாசனைத் திரவம், ஆளுக்கொரு பதில் – ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் நீதிமன்றம் சேர்த்துத்தான் பார்க்கும். மாமனாரின் ‘சிகாகோ’ அங்கே ஒரு புள்ளி. அதனால்தான் இப்போது விருந்தினரை ஏற்றிக்கொண்டு வெளியூர் போனால், எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதை அவர்களுக்கு ஊர்ப் பெயரோடு சொல்லிவைக்கிறோம். தெரியாவிட்டால் “எனக்கு இங்கிலீஷ் வராது, மாப்பிள்ளையைக் கேளுங்கள்” என்றால் போதும். பதில் சொல்லாமல் இருக்கலாம். பொய் மட்டும் கூடாது. கூட வருபவரும் சட்டப்படி நிறுத்தி வைக்கப்பட்டவர்தான், அவரும் அதை எதிர்க்கலாம் என்று 2007-ல் தீர்ப்பு இருக்கிறது.

கொலராடோ பிளேட்டைப் பற்றிய ஒரு நல்ல தீர்ப்பும் உண்டு. 2016-ல், கான்சாஸும் கொலராடோவும் அடங்கிய பத்தாவது வட்டார அப்பீல் நீதிமன்றம், கொலராடோக்காரர் என்பதையே சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்டுவதை விட்டொழியுங்கள் என்று கான்சாஸ் அதிகாரிகளைக் கண்டித்தது. நெப்ராஸ்கா எட்டாவது வட்டாரத்தில் வருகிறது, ஆகவே இங்கே அது கட்டுப்படுத்தாது. அமெரிக்கச் சட்டத்தில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. ஆற்றைத் தாண்டினால் விதி மாறும். சோதனைக்கு ஒப்பாததையே சந்தேகத்துக்குக் காரணமாக்க முடியாது என்பது மட்டும் நாடு முழுதும் பொது.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிப் பயம்: குடியேற்ற நிலையைக் கேட்டு நிறுத்தி வைப்பார்களா? சில மாநிலங்களில் கேட்க அனுமதி இருக்கிறது. ஆனால் 2012-ல் அரிசோனா சட்டத்தைப் பற்றிய வழக்கில், அந்தச் சரிபார்ப்புக்காக மட்டுமே ஒருவரைப் பிடித்து வைப்பது அரசியல் சட்டச் சிக்கலைக் கிளப்பும் என்று உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தன் பதிவுச் சான்றை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். கிரீன் கார்டு இருந்தால் கார்டு, இல்லாவிட்டால் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-ன் பிரிண்ட். மாமனார், மாமியாருக்கு இரண்டு நகல் எடுத்துப் பாஸ்போர்ட் உறையிலேயே செருகிவிட்டோம்.

ரோட்டில் எதையும் ஜெயிக்க முடியாது. இது என் கருத்து மட்டுமில்லை, வக்கீல் அம்மாவின் கண்டிப்பான உத்தரவும்கூட. நாயை விடாதே என்று தடுக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது, தீர்ப்பின் பெயரைச் சொல்லி வகுப்பு எடுக்கக் கூடாது. அந்த இரண்டு வாக்கியத்தையும் கேமராவில் பதிகிற மாதிரித் தெளிவாகச் சொல்லிவிட்டு, சொன்னபடி நிற்க வேண்டும். அவர் மீறினால் அந்த மீறல் அவர் உடையில் மாட்டியிருக்கும் பாடிகேம் கேமராவிலேயே பதிவாகிறது. டேஷ்போர்டில் பொருத்தியிருக்கும் ஃபோனை ஆரம்பத்திலேயே பதிவில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. போலீஸ்காரர் வந்து நின்ற பிறகு பைக்குள் கையை விட்டு எடுக்காதீர்கள்.

சரி, பிறகு என்ன செய்யலாம்? எங்கள் வண்டியில் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே வழக்கே இல்லை. வழக்கே இல்லாதபோது, முறைகேடாக எடுத்த சாட்சியத்தை நீக்கு என்று எங்கே கேட்பது? உரிமை மீறலுக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம்தான். அதிகாரிகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்புக் கவசத்தைத் தாண்ட வேண்டும், வக்கீல் செலவு கிடைக்கக்கூடிய தொகையைவிட அதிகமாகும். சந்தேகமில்லாமல் இது இந்த விதியின் பெரிய ஓட்டை. எதுவும் செய்யாதவனுக்குத்தான் பரிகாரம் மிகக் குறைவு.

நான் புகார் மட்டும் கொடுத்தேன். வார்னிங் தாளில் அச்சிட்ட நேரம் இருந்தது; வண்டி எப்போது திரும்ப நகர்ந்தது என்பது ஃபோனின் மேப் வரலாற்றில் இருந்தது. இடைவெளி ரோட்ரிகஸின் ஏழெட்டு நிமிஷத்தைவிட நன்றாகவே அதிகம். பாடிகேம் வீடியோவை விசாரணைப் பதிவு என்று சொல்லித் தர மறுத்தார்கள். போலீஸ் கட்டுப்பாட்டறையின் நேரப் பதிவான டிஸ்பாட்ச் லாகைக் கேட்டபோது கொடுத்தார்கள். நிறுத்திய நேரம், இரண்டாவது யூனிட்டை அழைத்த நேரம், விடுவித்த நேரம் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அதை இணைத்து அனுப்பியதும் ‘விதிமுறைப்படியே நடந்தது’ என்று இரண்டு வரிப் பதில் வந்தது. ஆனால் புகார் அந்த அதிகாரியின் கோப்பில் சேரும். நாளைக்கு இதே மாதிரி நிறுத்தப்படும் இன்னொருவரின் வக்கீல் அதைத் தோண்டி எடுக்கலாம் என்றார் அந்த அம்மா. இந்தப் பதிவுகளைக் கேட்க வக்கீல் தேவையில்லை. கடிதமோ மின்னஞ்சலோ போதும், தேதியும் இடமும் வார்னிங் எண்ணும் குறிப்பிட்டால் சரி. வீடியோக்களைச் சில மாதங்களிலேயே அழித்துவிடும் துறைகள் உண்டு, ஆகவே வீட்டுக்கு வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.